பின்பக்கக் கதவு

“எதுக்கு நாங்க மட்டும் பின்பக்கமாப் போகணும்?”

மருதுபாண்டி போட்ட சத்தத்தில் ஸ்கேன் அறையிலிருந்து டாக்டரம்மாவே எட்டிப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவ அங்கன வரச் சொல்லிட்டேண்ணே. இப்படி வாங்க” என்றாள் சுஹா. ராமநாதபுரத்தில் அந்த ஸ்கேன் சென்டரில் பெயர் கூப்பிட்டு ஆட்களை உள்ளே அனுப்புகிறவள்.

“எங்களுக்கு முன்னாடி வந்த டீச்சரம்மா முன்வாசல் வழியாத்தானே போச்சு? நாங்க ஆர்.எஸ்.மங்கலத்துல வயல் வேலைக்குப் போற ஆளுக. அதான் எங்களுக்குப் பின்வாசலா?”

சுஹா பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

மருதுபாண்டிக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை என்று டாக்டரம்மா சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழாம் மாசம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை.

“வா சுகந்தி. வந்த வழியாவே போவோம்.”

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்கதவைத் தள்ளினான்.

கூடம் முழுக்கக் கர்ப்பிணிகள். ஒருத்தியின் மாமியார், “பிள்ளை நல்லாருக்காம்!” என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் இருந்தவள் சுகந்தியைப் பார்த்துச் சிரித்தாள். “முடிஞ்சிருச்சாக்கா? டிவியில பிள்ளை தெரிஞ்சுச்சா?”

சுகந்தி பின்னால் நகர்ந்தாள். போன வாரம் வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைச் சத்தம் வராமல் மறுகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“கதவச் சாத்துங்க. நாம அங்கிட்டே போவோம்.”

அவன் சாத்தினான்.

பின்பக்கம் ஒரு சின்ன நடை. ரெண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் கேன். ஆள் யாரும் இல்லை. அங்கே உட்கார்ந்த பிறகுதான் சுகந்திக்கு அழுகை வந்தது. சுஹா அவசரப்படுத்தவில்லை. ஆட்டோக்காரரிடம் பொறுக்கச் சொல்லிக் கையை மட்டும் காட்டினாள்.

“தெரியாமப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதத்தா” என்றான் மருதுபாண்டி. “டாக்டரம்மா இதெல்லாம் யோசிச்சுக் கட்டிருக்காக.”

“கட்டும்போது இங்கன வெறும் சுவருதாண்ணே. நாந்தான் வேலைக்குச் சேந்தப்ப அவுககிட்டக் கெஞ்சி, கதவு வைக்கச் சொன்னேன்.”

சுகந்தி நிமிர்ந்தாள். “நீயா?”

அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டபடி சுஹா சொன்னாள்.

“எனக்கு இப்படி ஆன அன்னைக்கு, நான் முன்பக்கமாத்தான் போனேங்க்கா.”