மனிசிக்கு ஒரு துவக்கு

“துவக்கு ஆருக்கு? உங்களுக்கோ?”

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரை. மெல்பனில் சிட்னி ரோட்டிலிருந்த அந்தத் துப்பாக்கிக் கடையில் அப்போது மூன்று பேர். கேள்வி கேட்ட ரஞ்சினி மேசைக்குப் பின்னால். அவளுடைய அப்பா வரதராஜா உள்ளறையில். கொழும்பில் பொலிஸ் துப்பாக்கிகளைத் திருத்திய மனிதர், இங்கேயும் அதே வேலை. மேசைக்கு இந்தப் பக்கம் ஆனந்தராஜா. கடை முதலாளியான வெள்ளைக்காரர் ஃபுட்போல் பார்க்கப் போய்விட்டார்.

முன்பின் தெரியாத ஆளிடம் எடுத்த எடுப்பிலேயே தமிழில் கேட்கிறாளே என்று ஆனந்தராஜா நினைத்தான். யாழ்ப்பாணம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதாக்கும்.

“எனக்கில்லை. என்ர மனிசிக்கு,” என்றான்.

அவனுக்கு மனைவி கிடையாது. இனிமேல்தான். அந்த இனிமேலைத் தீர்மானிக்கத்தான் வந்திருந்தான்.

பெண்ணின் படத்தையும் குறிப்பையும் அக்கா சிவனேஸ்வரி போன மாதமே கொடுத்துவிட்டாள். பொருத்தம் பத்தில் எட்டு. ஊராக இருந்தால் கோயிலில் தற்செயலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிடலாம். 1978-இல் மெல்பனில் அதற்கு ஏது கோயில்? பெண் சனிக்கிழமைகளில் இந்தக் கடையில் நிற்பாள் என்று தெரிந்ததும், தட்டும் பலகாரமுமாக வீட்டுக்குப் போவதற்கு முன் தனியாக ஒருதரம் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். மூன்று சம்பந்தங்களை அவனே தட்டிக் கழித்திருந்தான். வயது முப்பத்துநாலு. இதுவும் சரிவராவிட்டால் இனி நீயே தேடிக்கொள் என்று அக்கா சொல்லிவிட்டாள். இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்கும் வேறு யாரையும் தேடும் எண்ணம் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவளா, இல்லையா?

அவன் ரைஃபிள் கிளப்பில் மூன்று வருடமாகக் கேடயம் வாங்குகிறவன். ஆனால் இன்றைக்கு ஒன்றும் தெரியாதவன். பிழையான தோட்டாவைக் கேட்டு அடம்பிடிக்கப் போகிறான். அவள் விட்டுக்கொடுக்கிறாளா பார்க்கலாம்.

குறிபார்த்துச் சுடப் பழகவேண்டும், மனைவி புது ஆள், துவக்கைத் தொட்டதே இல்லை என்றான். த்ரீ-ஓ-எய்ட் தோட்டா போடுகிற துவக்காக ஒன்று தரச் சொன்னான். பெண்பிள்ளை தூக்கவேண்டும், அதனால் பாரம் குறைந்ததாகவும் இருக்கட்டும் என்றான்.

அதைவிட மோசமான சோடி உலகத்தில் கிடையாது. பெரிய தோட்டா, பாரமில்லாத துவக்கு. கழுதை உதைத்ததுபோல இருக்கும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ரஞ்சினி எடுத்துத் தரவில்லை. மனிசி என்ன உயரம் என்று கேட்டாள்.

“உங்கட உயரம்தான். உங்களைப்போல மெலிவு.”

அப்படியானால் டிரிபிள் டூ என்றாள். சின்னத் தோட்டா, உதை சொற்பம், முந்நூறு யார் தூரத்துக்குள் அது தவறுவதில்லை. பாரமான குழல் போட்ட ஒரு துவக்கை இறக்கி மேசையில் வைத்தாள். இவ்வளவு பாரமா என்று அவன் முகத்தைச் சுளித்துக் காட்டினான்.

“படுத்துக்கிடந்துதானே சுடப்போறா. பாரத்தை நிலம் தாங்கும். உதையைத் தோள்தான் தாங்கவேணும்.”

ஆனந்தராஜா மனத்துக்குள் பத்துப் புள்ளி போட்டான்.

அவவைக் கூட்டிக்கொண்டு வந்தால் தோளில் வைத்துப் பார்க்கலாமே என்றாள் ரஞ்சினி.

“அவ என்னத்துக்கு? நான் வாங்கிக் குடுக்கிறதை அவ பாவிப்பா.”

“அவவுக்குச் சுட விருப்பமோ?”

“விருப்பம் பிறகு வரும்.”

“நோகுது எண்டு சொன்னா?”

வேடம் அவனுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. “நாலு உதை வாங்கினால் எல்லாம் பழகியிடும்.”

உள்ளறையில் இராவிக்கொண்டிருந்த அரத்தின் சத்தம் நின்றது.

“பழகாது,” என்றாள் ரஞ்சினி. குரல் உயரவில்லை. “உதைக்குப் பயந்தவள் வெடிக்க முந்தியே கண்ணை மூடுவாள். பிறகு என்ன துவக்கைக் குடுத்தாலும் மூடுவாள். அதுக்குப் பிறகு அவளைத் திருத்தேலாது.”

கிளப்புக்கு வரும் புது ஆட்களுக்கு அவன் சொல்வதும் இதைத்தான். இவ்வளவு சுருக்கமாக அவனுக்கே சொல்ல வந்ததில்லை. இன்னும் ஒருதரம் த்ரீ-ஓ-எய்ட் கேட்டுப் பார்த்தான். புது ஆளுக்கு அதை என் கையால் எடுத்துத் தரமாட்டேன், வேறு கடையைப் பாருங்கள் என்றுவிட்டாள்.

முடிந்தது சோதனை. தலையாட்டுகிற ரகமே இல்லை. இன்றைக்கே அக்காவுக்குப் போன் பண்ணவேண்டும். ஐப்பசிக்குள் பதிவு எழுத்து, தை மாதம் கலியாணம். ஹோலுக்கு இப்போதே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். யார் யாருக்குச் சொல்வது என்பதுவரை ஆனந்தராஜா போய்விட்டான்.

ஒரு மணிக்குக் கடை பூட்டவேண்டும், இன்னும் ஐந்து நிமிடம். ரஞ்சினி துவக்கைத் திரும்பத் தட்டில் ஏற்றினாள். டிரிபிள் டூவையே எடுக்கிறேன், வாற கிழமை வருகிறேன் என்றான். அவள் மேசையைச் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்தாள். வாசல்வரை வந்து வழியனுப்புகிறாள், நல்ல பழக்கம் என்று அதற்கும் ஒரு புள்ளி போட்டபடி அவன் வெளியே காலை வைத்தான்.

“உங்கட அக்கா போன புதன்கிழமையே உங்கட படத்தை எங்களுக்கு அனுப்பிட்டா,” என்றாள் ரஞ்சினி. “அந்த மனிசி வரமாட்டாளாம் எண்டு அவவிட்டைச் சொல்லிவிடுங்கோ.”

கதவு சாத்திக்கொண்டது, அவன் திரும்புவதற்குள் உள்ளே சாவி இரண்டு தரம் சுழன்றது.