பாறையின் பூர்வீகம்

ஆய்வகத் தட்டில் இரண்டு எண்ணெய்ப் பாறைத் துண்டுகள் இருந்தன.

"டேய் பழுப்பு, கீழே இறங்குடா. நாங்க பெருங்காட்டு மரங்கள் மக்கி வந்த வம்சம்" என்றது கறுப்புத் துண்டு.

"தரையில கிடந்தா பெருக்கித் தள்ளிடுவாங்களே, அண்ணே" என்று கெஞ்சியது பழுப்பு.

"அது உன் பாடு. நம்பலேன்னா அதோ அந்தச் சோதனை இயந்திரத்தைக் கேளு."

எந்த உயிர் மக்கிப் பாறையானதோ, அதன் மூலக்கூறு பல கோடி ஆண்டுகள் கழித்தும் உள்ளே மிச்சமிருக்கும். இயந்திரம் தேடுவது அதைத்தான். ஆய்வாளர்கள் இரண்டிலிருந்தும் ஒரு சிட்டிகைப் பொடியைக் கரைத்து இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். அது வெகுநேரம் முனகிவிட்டுச் சொன்னது:

"மரத்தோட தடயம் துளிகூட இல்லை. ரெண்டு பேருமே ஒரே ஏரியில இருந்த பாசி."

"அப்போ நாம சொந்தக்காரங்க, அண்ணே!" பழுப்பு சந்தோஷமாக நெருங்கி வந்தது.

"தொடாதே!" என்று பதறி விலகியது கறுப்பு. பிறகு இயந்திரத்திடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"ஐயா, அந்த ஏரியில மேலே மிதந்த பாசி யாரு, அடியில கிடந்த பாசி யாருன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."