வண்டி பார்க்க வந்தவள்

"பானட்டைத் திறக்க அவசரப்படாதே. முதல்ல மேல கையை வச்சுப் பாரு."

மனைவி கையை வைத்தாள்.

"சில்லுன்னு இருக்குங்க."

"அதான் வேணும். சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டாங்கன்னு அர்த்தம். காலையில முக்கி முனகற எஞ்சினை அப்படித்தான் தலையில கட்டுவாங்க."

பழைய வண்டிகள் விற்கும் யார்டு அது. கழற்றிப் போட்ட டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தபடி கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். வீட்டில் நடக்கும் செடி வியாபாரத்துக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்க வந்திருந்தார். வந்ததிலிருந்து அந்த டயரை விட்டு எழவில்லை. வேலையெல்லாம் மனைவிக்குத்தான்.

யார்டுக்காரர் சாவியை விரலில் சுழற்றியபடி வேடிக்கை பார்த்தார்.

"ஆயில் மூடியைத் திற. உள்பக்கம் எப்படி இருக்கு?"

"கறுப்பா இருக்கு."

"கறுப்பு பரவாயில்லை. பால் கலந்த மாதிரி வெளுப்பா இருந்தா எஞ்சினுக்குள்ள தண்ணி இறங்கிருச்சு. சும்மா குடுத்தாலும் வேண்டாம்னு வந்துடணும்."

"எப்படி இருந்தா வேண்டாம்ங்க?"

"இப்பத்தானே சொன்னேன்? காதைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்தியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார், முன்னைவிட விரிவாக.

"டயரோட உள் ஓரத்தைத் தடவு. அங்கே மட்டும் தேஞ்சிருந்தா முன்பக்கம் எங்கேயோ இடி வாங்கின வண்டின்னு அர்த்தம்."

அவள் வெளி ஓரத்தைத் தடவினாள்.

"உள் ஓரம்னு சொன்னேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த அழகுதான்."

யார்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"டார்ச்சை எடுத்துக்கிட்டு அடியில போ. துரு, வெல்டிங், விரிசல், எது இருந்தாலும் சொல்லு."

அவள் ஒரு பழைய அட்டையை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். கொஞ்ச நேரம் டார்ச் வெளிச்சம் மட்டும் அங்கும் இங்கும் அலைந்தது.

"ஒண்ணும் இல்லைங்க. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க."

தலையெல்லாம் துருத்தூளும் மண்ணுமாக வெளியே வந்தவளை, கை கழுவிக்கொண்டு வரச் சொன்னார். அவள் ஆபீஸ் ஓரமிருந்த குழாய்க்குப் போனாள்.

யார்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. நீங்க டிரைவர். எழுந்து வந்து ஒரு சுத்து பாத்தா முடியற வேலை. அவங்களைப் போட்டு ஏன் இப்படி வறுத்தெடுக்கறீங்க?"

கணவர் குழாய்ப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை நான் ஓட்டப் போறதில்லை தம்பி. வயித்துல கட்டி. கை மீறிப் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவகிட்ட அல்சர்னு சொல்லி வச்சிருக்கேன்."

சாவி சுழல்வது நின்றது.

"நாளைக்கு இந்த வண்டி படுத்துடுச்சுன்னா, அடுத்த வண்டிக்கு அவதான் தனியா வந்து நிக்கணும், உங்களை மாதிரி ஒரு ஆள் முன்னாடி. எவனும் அவளை ஏமாத்திடக் கூடாது. ஆனா எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குதே. அந்தப் பயத்துலதான் கத்திடறேன்."

யார்டுக்காரர் போய்ச் சாவியை வண்டியில் சொருகினார்.

அவள் வந்து ஸ்டார்ட் செய்தாள். "புகை நீலமா வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே கணவர் வண்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து, அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஏறினார். யார்டைச் சுற்றி வந்தார்கள். வண்டி குலுங்கிக் குலுங்கி நகர, "கிளட்சை மெல்ல விடு, மெல்ல" என்ற சத்தம் மட்டும் வெளியே கேட்டபடி இருந்தது.

இறங்கியதும் அவர் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்புறக் கழிப்பறைக்குப் போனார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யார்டுக்காரரிடம் வந்தாள்.

"அண்ணே, பின்னாடி இடது பக்கம் பாரம் தாங்குற வில்லுப்பட்டையில விரிசல் இருக்கு. கிரீஸைப் பூசி மூடியிருக்கீங்க. வேற பட்டை போட்டுக் குடுத்துடுங்க. மத்தபடி வண்டி நல்ல வண்டி. கிளட்சையும் குறை சொல்ல முடியாது. நான்தான் வேணும்னே குலுங்க விட்டேன்."

யார்டுக்காரருக்கு முகம் வெளிறிப்போனது.

"அப்ப அடியில ஒண்ணும் இல்லைன்னு ஏம்மா சொன்னீங்க?"

"இருக்குன்னு சொன்னா அவரே குனிஞ்சு பாக்க வருவார். குனிஞ்சா அவரால நிமிர முடியாது." அவள் கழிப்பறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "டாக்டர் என்கிட்டயும் சொல்லிட்டார். அன்னியிலேர்ந்து, செடிக்கு ஆர்டர் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு, ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போய் எல்லாம் கத்துக்கிட்டேன். விலை பேசும்போது கொஞ்சம் முரண்டு பிடிச்சிட்டு, அவர் சொல்றதுக்கு இறங்கி வந்துடுங்கண்ணே. இன்னிக்கு ஒரு நாள் ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வரட்டும்."

"இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தனை திட்டு வாங்கினீங்க?"

கழிப்பறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவள் கண்ணை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைத் திட்டுற நேரத்துல மட்டும்தான்ணே, அவருக்குச் சாவு ஞாபகம் வர்றதில்லை."