எங்கே என்று கேட்டால்

நைனார்பாளையத்து வெயில் ஏறிக்கொண்டிருக்க, சென்னை விமான நிலையத்துக்குப் போகவேண்டிய வேன் எங்கள் வாசலிலேயே உறுமிக்கொண்டிருக்கிறது. அப்பாவைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் பினாங்குக்குப் போன தாத்தா, அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்துத் தங்கையை அப்பா முதல்முறையாகப் பார்க்கப் போகிறார். போனால்தானே. வேன் நகரும்போதெல்லாம் யாராவது எங்கே என்று கேட்டுவிடுகிறார்கள். அபசகுனமாம். உடனே அப்பா இறங்கி, வீட்டுக்குள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். இப்போது எதிர்வீட்டுச் சாலம்மாள், தலையில் புல்லுக்கட்டோடு நிற்கிறாள். "இன்னா தம்பி, குடும்பத்தோட எங்க கெளம்பிட்டீங்க?" அம்மா பூட்டிய கதவை மறுபடி திறக்கிறாள். "பிளேனு நமக்காக நின்னுக்கினு இருக்குமாங்க?" அப்பா உள்ளே போய்விட்டு, மீசையில் தண்ணீர் சொட்ட வந்து ஏறுகிறார். தெருவில் ஆளில்லை. வேன் நகர்கிறது. என் கைப்பேசியில் பினாங்கு அத்தையின் குரல் வருகிறது. "அண்ணே, கிளம்பிட்டீங்களா? நம்ம அப்பா உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லண்ணே." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். புளியமரம் தாண்டும்போது டிரைவரின் தோளைத் தொடுகிறார். "நிறுத்துப்பா. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்." இந்த முறை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.