கதவு (5)

கணினித் திரையில் மறுபடியும் ‘அனுமதி இல்லை’ என்றே வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் நாள். பயனர் பெயர் கேட்டபோது, வீட்டில் ஒரே ஒருவன் கூப்பிட்ட பெயரைக் கொடுத்திருந்தாள்: வாயாடி. மற்ற புதியவர்கள் காலையிலேயே உள்ளே போய்விட்டார்கள். மாலைக்குள் ஒரு வேலையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

யாரை உள்ளே விடுவது என்று பார்ப்பது ‘கதவு’ என்ற புரோகிராம். அந்த அலுவலகத்திலேயே யாரோ எழுதியது.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி தலையைச் சொறிந்துவிட்டுத் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

‘மேன் கதவு’ என்று தட்டினாள். அந்தக் கணினிகளில் ஓடும் யூனிக்ஸில், ஒரு புரோகிராமின் மேனுவலை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

கதவை இயக்குவது, நிறுத்துவது எல்லாம் இருந்தது. யாரைத் தடுப்பது என்று எங்கே எழுதுவார்கள்? அது மட்டும் இல்லை. திரும்பத் திரும்பத் தட்டினாலும் அதே பக்கம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

தலைப்பில் கதவு (1). அடியில், ‘இதையும் பார்க்க: கதவு (5)’.

ஐந்தாம் பக்கமா? அவ்வளவு பக்கமே இல்லை. ஐந்தாம் பதிப்பா?

“அது எப்பவும் இருக்குங்க. நான் கண்டுக்கிறதே இல்ல” என்றார் நிர்வாகி.

எரிச்சலில், பெயருக்கு முன்னால் அந்த ஐந்தையும் சேர்த்துத் தட்டினாள்.

அதே பெயரில் வேறொரு பக்கம் திறந்தது.

அப்போதுதான் பிடிபட்டது. மேனுவல் பிரிவு பிரிவாகக் கிடக்கிறது. ஒன்றில் கட்டளைகள். ஐந்தில், கட்டளை படிக்கும் கோப்பை எழுதும் முறை. எண்ணைச் சொல்லாவிட்டால் முதலில் அகப்பட்டதை நீட்டிவிட்டு மேனுவல் சும்மா இருந்துவிடும்.

நடுவில், மாதிரிக்கு ஒரு வரி:

வாயாடி: உள்ளே விடாதே.

நிர்வாகியின் முகம் அசடு வழிந்தது. “ஐயையோ, கதவோட கூட வந்த மாதிரிக் கோப்புலயும் இந்த வரி இருந்துச்சு. அதை அப்படியே காப்பி அடிச்சு ஒட்டியிருக்கேன்!”

இன்னொரு கணினிக்கு ஓடி அந்த வரியை அழித்தார். இப்போது போகலாம் என்று கை காட்டினார்.

அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தின் அடியில் எழுதியவன் பெயர் இருந்தது. சின்ன வயதில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து அந்த வரியைத்தான் கத்துவான். பிறகு அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டே போனான். போன் எண்ணையும் மாற்றிக்கொண்டான். கடைசியாக இங்கேதான் வேலை பார்த்தான் என்று கேள்விப்பட்டுத்தான் அவளே இங்கே விண்ணப்பித்தாள். வந்து விசாரித்தால், ஒருவருக்கும் அவனை நினைவில்லை.

பெயருக்குக் கீழே, ‘பிழை இருந்தால் தெரிவிக்க’ என்று அவனுடைய சொந்த மின்னஞ்சல் முகவரி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்:

“பிழை: வாயாடியை இன்னும் உள்ளே விடவில்லை, அண்ணா.”