தோற்காதவள்

"டோர்னமென்ட்டா, கேஷ் கேமா? எதுலக்கா லாபம்?"

குகட்பள்ளி ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்த நவநீதன், எதிர்வீட்டு ஜெஸ்ஸியிடம் கேட்டான். சனிக்கிழமைதோறும் மாடியில் காசு வைத்துப் போக்கர் சீட்டாட்டம். அங்கிருந்து சிரித்தபடி இறங்கி வருவது அவள் ஒருத்திதான்.

"கேஷ் கேம்தான் தம்பி. டோர்னமென்ட் வச்சா எனக்குப் பாதிகூடத் தேறாது."

"அதுல ஜெயிச்சா மொத்தமா வருமே?"

"தோத்தவன் உடனே எந்திரிச்சுப் போயிடுவானே. கேஷ் கேம்னா, விட்டதைப் பிடிக்கணும்னு மறுபடி காசு போட்டு உக்காந்துடுவான்."

"நீங்க தோத்ததே இல்லையாக்கா?"

"இதுவரைக்கும் இல்ல."

"எனக்கும் ஆடச் சொல்லிக்குடுங்களேன். இன்னிக்கு நானும் உக்காரப் போறேன்."

"எனக்குச் சீட்டைப் பிடிக்கவே தெரியாதுப்பா. மாடிக்கு டிபன் மட்டும்தான் நம்மளது."

ஜெஸ்ஸி உள்ளே போய்க் கல்லில் கிடந்த பரோட்டாவைப் புரட்டினாள்.

"உக்காரப் போறேன்னியே, உனக்கு எத்தனை எடுத்துவைக்க?"