மன்னார்புரத்தில் இறுதிச் சுற்று

கனிஷ்கா மண்டப வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டிலிருந்தபடியே ஆடிய ஆன்லைன் செஸ் போட்டியில் எல்லாரையும் தோற்கடித்துவிட்டாள், பாவம். இறுதி ஆட்டம் மட்டும் மன்னார்புரம் மண்டபத்தில், நேருக்கு நேர். பள்ளிக்கூடமோ காட்டூர் பஸ் ஸ்டாப்பில் அவள் படத்தைப் போட்டு பிளெக்ஸே வைத்துவிட்டது.

“வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம்மா.”

“ஊரே பாத்துக்கிட்டிருக்கு கண்ணு. போய் உட்காரு,” என்ற அம்மாவின் குரலும் நடுங்கியது.

எதிரே சர்ஃபராஸ். அவளைவிடச் சின்னவன். இதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காதவனாம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது; அவன் ஒரு காயையும் தொடாமல் பலகையையே வெறித்தான். என்ன திட்டம் போடுகிறானோ என்று கனிஷ்கா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் சற்று அப்பால் நகர்ந்ததும் அவன் மெல்லக் குனிந்தான்.

“அக்கா, இந்தக் குதிரை எப்படிப் போகும்?”

“என்னடா, கிண்டலா?”

“சத்தியமா தெரியாதுக்கா. வீட்டுல எனக்குப் பதிலா அத்தாதான் ஆடுவாங்க.” அவன் கண் கலங்கியிருந்தது. “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

கனிஷ்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“எனக்கு எங்கம்மா,” என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இந்த ஆட்டத்தை ஆடியிருக்க வேண்டிய அவள் அம்மாவும் அவன் அப்பாவும் அருகருகே நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள்.